ஊசி இறங்கும் இடம்

ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் கை வலிப்பது இயல்பு. ஆனால் ஒரு வாரமாகியும் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை என்றால், அது இயல்பான வலி அல்ல. பெரும்பாலும் அது மருந்தின் குற்றமும் அல்ல. ஊசி இறங்கிய இடத்தின் குற்றம்.

தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழேயுள்ள தசையில்தான் தடுப்பூசி போட வேண்டும். அதற்கு மேலே குத்தினால், மூட்டில் உராய்வைத் தடுக்கும் சிறு நீர்ப்பையில் மருந்து இறங்கி அழற்சி உண்டாகலாம். வலி பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும். மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இது அபூர்வமான பாதிப்பே என்றாலும், அமெரிக்க அரசு 2017-ம் ஆண்டில் இதனை நஷ்டஈட்டுக்குரிய பாதிப்புகளின் பட்டியலில் சேர்த்தது.

கோவிட் தடுப்பூசிக்கு மட்டும் உரிய தொல்லையல்ல இது. தாராவிப் பட்டறையில் தகரம் கிழித்தவருக்குப் போடும் டெட்டனஸ் ஊசியிலும் நேரலாம். அவசரத்தில் சட்டையைக் கழற்றாமல் காலரை மட்டும் இழுத்துக் காட்டுகிறார்கள். ஊசி போடுபவர் நிற்க, போட்டுக்கொள்பவர் உட்கார்ந்திருக்கிறார். ஊசி மேலே ஏறிவிடுகிறது.

மூட்டை தூக்குபவருக்குத் தோள்தான் முதல். அது போனால் அன்றைய கூலி போயிற்று. மொழி தெரியாத ஊரில் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி, வலி மாத்திரையோடு திரும்புகிறவர்கள் பலர். ஊசி போட்ட தேதி, போட்ட இடம், வலி தொடங்கிய நேரம் ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் புரிவதற்கு அதுவே வழி.

சிகிச்சை உண்டு. தொடக்கத்தில் ஐஸ் ஒத்தடமும் வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரையும் உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் மாத்திரை விழுங்கக் கூடாது. கையைத் தொட்டில் கட்டி வாரக்கணக்கில் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். முரட்டுத்தனமாக உருவிவிடுவதும் ஆகாது. ஸ்கேன் பார்த்து, தேவையானால் எலும்பு மருத்துவர் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார். சர்க்கரை நோயாளிகள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். பிசியோதெரபி பயிற்சிதான் கையை மீட்டுத் தரும். சிலருக்கே அறுவை தேவைப்படும். தோள் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இ.எஸ்.ஐ. சந்தா உரிய நாட்களுக்குக் கட்டப்பட்டிருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். நமது தொழிலாளர்கள் இதைக் கேட்டுப் பெறத் தயங்கக் கூடாது.

சுகாதார இலாகாவினரும் சிலவற்றைச் செய்ய வேண்டும். ஊசி போடும் இடந்தோறும் இருவருக்கும் நாற்காலி வேண்டும். பெண்கள் கூச்சமின்றித் தோளைக் காட்ட மறைப்பு வேண்டும். ஊசி போடுபவர்களுக்குச் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டிப் பயிற்சி தர வேண்டும். வலி நீடிப்பதாக வருபவரை விரட்டாமல், தடுப்பூசிக்குப் பின் நேர்ந்த பாதிப்பாகப் பதிவு செய்ய வேண்டும்.

இதைக் கேட்டு யாரும் தடுப்பூசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. டெட்டனஸ் உயிரைப் பறிக்கும் நோய். ஊசியைத் தவிர்ப்பது பரிகாரமல்ல. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து போட்டுக்கொள்வதே பரிகாரம். அதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். ஒரு தொழிலாளியின் தோளுக்கு அந்த ஒரு நிமிடத்தைத் தரக் கூடாதா?