பொறுப்பைத் துறப்பதா சரணாகதி?

“எல்லாவற்றையும் ஆண்டவர் பாதத்தில் ஒப்படைத்துவிட்டோம்; இனி அவர் பார்த்துக்கொள்வார்” என்னும் சொற்களைக் கிறித்தவர் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கலாம். கேட்பதற்கு இனிய சொற்களே. நோயுற்றார் படுக்கையருகிலும் இழவு வீட்டிலும் அவை தரும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிடுவார் எவரும் இலர். ஆயின் அவை வேறு சில இடங்களிலும் ஒலிக்கின்றன. உடன் பணிபுரிவோனுக்கு அநீதி இழைக்கப்படுவதைக் கண்ணாரக் கண்டும் வாய்திறவாதவர், வீடு திரும்பி, முழந்தாளிட்டு, அதனை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். மகன் நெறிதவறுவதை அறிந்தும் கண்டிக்கத் துணியாத தந்தை, அவனையும் அவ்வாறே ஒப்படைத்துவிடுகிறார். தம் கையால் செய்யவேண்டியதைச் செய்யாது விட்டு, அச்செய்யாமையை இறைவன் கணக்கில் எழுதிவிடும் இவ்வழக்கத்திற்குச் சரணாகதி என்று பெயர் சூட்டியவர் யார்?

விவிலியம் சூட்டவில்லை என்பது உறுதி. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் விருப்பத்தை விடுத்துத் தந்தையின் விருப்பமே நிறைவேற வேண்டினார் என்பதைச் சரணாகதிக்குச் சான்றாகக் காட்டுவர். சான்று சரியானதே. ஆனால் அவ்வேண்டுதலுக்குப் பின் நிகழ்ந்தது என்ன? அவர் உறங்கச் செல்லவில்லை. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் சீடர்களே. அவரோ எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தோரை எதிர்கொள்ளச் சென்றார். லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்னும் உவமை வருகின்றது. தம்மைப் பின்பற்ற வருவோர்க்கு இயேசு கூறிய உவமை அது. கணக்குப் பாராமல் கண்ணை மூடிக்கொண்டு வா என்று அவர் அழைக்கவில்லை. கணக்குப் பார்த்த பிறகும் வருகிறாயா என்றுதான் வினவுகின்றார்.

அவ்வாறு கணக்குப் பார்த்துச் சென்ற ஒருவரின் வரலாறு இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் குருவல்லர், மறைநூற் புலவருமல்லர். ஆஸ்திரியா நாட்டு உழவர். பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். 1907-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், மேல் ஆஸ்திரியாவில் சங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில், ஒரு பண்ணைப் பணிப்பெண்ணுக்கு மணமாகாத நிலையில் மகனாகப் பிறந்தவர். இட்லர் பிறந்த பிரவுனாவ் நகரும் அவ்வூரும் ஒரே மாவட்டத்தில் உள்ளவை. ஒரே மண் இருவரையும் ஈன்றது என்று வியப்போர் வியக்கட்டும்.

அவர் பயின்றது ஓரறைப் பள்ளி. ஏழு வகுப்புகளைச் சேர்ந்த ஐம்பது அறுபது பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒருவரே. (சிறிய பள்ளிகளைக் கண்டு முகஞ்சுளிப்போர் இதனை நினைவிற் கொள்வது நல்லது.) தாயை மணந்து அவரையும் மகனாக ஏற்றுக்கொண்ட வளர்ப்புத் தந்தையின் வீட்டில் நூல்கள் இருந்தன, படிக்கும் பழக்கம் அங்கு அவரைப் பற்றிக்கொண்டது. படிக்காதவன் தன் காலில் நிற்கமாட்டான், பிறர் கருத்துகளுக்குப் பந்தாகிவிடுவான் என்னும் பொருள்பட அவர் பிற்காலத்தில் தம் ஞானமகனுக்கு எழுதினார். அந்த ஓரறைப் பள்ளி வீண்போகவில்லை.

இளமையில் அவர் புனிதராக வாழ்ந்தவர் என்று எவரும் கருதிவிட வேண்டா. ஊரிலேயே முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தாம். 1933-இல் திருமணத்திற்குப் புறம்பே ஒரு பெண்குழந்தைக்குத் தந்தையுமானார். 1936-இல் பிரான்சிஸ்காவை மணந்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து விவிலியம் படிக்கலாயினர். அடுத்தடுத்து மூன்று பெண்மக்கள் பிறந்தனர். நிலமும் மாடும் மனைவியும் மக்களுமாக, அவர் இழப்பதற்கு நிறையவே இருந்தது.

1938 ஏப்ரல் 10-ஆம் நாள், ஆஸ்திரியா செருமனியோடு இணைந்தது சரிதானா என்று மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. அவ்வூரில் ‘இல்லை’ என்று வாக்களித்தவர் அவர் ஒருவரே. அந்த ஒரு வாக்கையும் மறைத்து, ஊரார் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர் என்று அறிக்கை அனுப்பப்பட்டது. பின்னர், குழந்தைகளுக்காக அரசு வழங்கிய குடும்ப உதவித்தொகையை அவர் வாங்க மறுத்தார். ஆலங்கட்டி மழையால் பயிர் அழிந்தபோது வந்த இழப்பீட்டையும் தொடவில்லை. அக்கட்சிக்காக நிதி திரட்ட வந்தோருக்கு எதுவும் ஈயவுமில்லை. ஒருவரும் அவரைக் கட்டாயப்படுத்தாத இடங்கள் இவை. வாங்கிக்கொண்டிருந்தால் ஊரில் எவரும் குறைகூறியிரார். ஆயினும் பெரிய மறுப்பு 1943-இல் திடீரென்று வானிலிருந்து விழவில்லை. ஐந்தாண்டுக் காலம் சின்னஞ்சிறு மறுப்புகளில் அது பழகி முதிர்ந்தது. உதவித்தொகையை வாங்கிக்கொண்டே உள்ளத்தில் மட்டும் சரணடைந்திருப்பதாகக் கூறிக்கொள்வோர்க்கு இது சற்றுக் கசக்கும்.

இடையில் அவர் படைக்கு அழைக்கப்பட்டதும் உண்டு. 1940-இலும் 1941-இலும் பயிற்சி பெற்றார். ஊர் நிருவாகத்தின் முயற்சியால் வீடு திரும்பினார். பயிற்சிக் காலத்திலேயே புனித பிரான்சிசின் மூன்றாம் சபையில் சேர்ந்தார்; திரும்பியபின் ஊர்க் கோயிலின் கோயிற்பிள்ளையாகவும் பணியாற்றினார். இனி மீண்டும் அழைப்பு வந்தால் போவதில்லை என்னும் முடிவு அப்போது அவர் உள்ளத்தில் உருப்பெற்றது. பிற நாடுகளைக் கொள்ளையிடும் போரில், திருச்சபையையும் எளியோரையும் நசுக்கும் ஆட்சிக்காக ஆயுதம் ஏந்துவது பாவம் என்பதே அவர் கண்ட முடிவு.

அம்முடிவைத் தம் தலைக்கனத்தின் விளைவோ என்று அவர் ஐயுற்றார் என்பதை மறத்தலாகாது. குருக்களிடம் சென்று கேட்டார். லின்ஸ் நகர் ஆயரிடமும் தம் வினாக்களோடு சென்றார். ஆயர் கூறிய விடை யாது? குடும்பத் தலைவனுக்கு மனைவி மக்களைக் காப்பதே முதற்கடமை. அரசு செய்யும் போர் நேரியதா அன்றா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு ஓர் உழவனுக்கு இல்லை என்பதே. வெளியில் காத்திருந்த மனைவியிடம் வந்த ஃபிரான்ஸ், அவர்களும் துணிந்து பேச அஞ்சுகின்றார்கள் போலும் என்று மட்டும் கூறினாராம். குற்றச்சாட்டாகக் கூட அன்று. இரக்கமாகவே அது ஒலிக்கின்றது.

ஆயரின் விடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவ்விடைக்கு மறைநூல் ஆதாரமும் உண்டு. ஆளும் அதிகாரங்களுக்குப் பணிந்திருக்குமாறு உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் 13-ஆம் அதிகாரம் கூறுகின்றது. தன் வீட்டாரைப் பேணாதவன் நம்பிக்கையற்றவனினும் கீழானவன் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் கடிந்துரைக்கின்றது. இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, “மறைநூற்படி வாழ்வதானால் சீருடையை அணிந்துகொள்” என்று ஒருவர் வாதிட்டால் மறுமொழி என்ன?

மறுமொழி அதே மறைநூலில் இருக்கின்றது. திருத்தூதர் பணிகள் நூலின் 5-ஆம் அதிகாரத்தில், ஆட்சிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட பேதுருவும் தோழரும், மனிதருக்குக் கீழ்ப்படிவதினும் கடவுளுக்கே கீழ்ப்படிதல் வேண்டும் என்று உரைத்தனர். அதிகாரத்துக்குப் பணியுமாறு எழுதிய பவுலும் அதிகாரத்தின் கையாலேயே மாண்டார் என்பதன்றோ திருச்சபையின் மரபு? மறைநூலை வாழ்வாக்குவதென்பது, தமக்கு வசதியான ஓர் அதிகாரத்தைப் பிய்த்தெடுத்து மார்பில் குத்திக்கொள்வது அன்று. முழுநூலையும் எதிரெதிரே நிறுத்தி, எது எப்போது தன்னிடம் பேசுகின்றது என்று அஞ்சி அஞ்சித் தெளிவதாகும். அந்த அச்சத்தை ஃபிரான்ஸ் அறிந்திருந்தார். அவருக்கு அறிவுரை கூறியோரிடம் அஃது இருந்ததாகத் தெரியவில்லை.

குடும்பத்தைக் கைவிட்டார் என்னும் பழிக்கு வருவோம். இப்பழியைச் சுமத்துவோர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வூரிலிருந்து சீருடை அணிந்து போர்க்களம் சென்று மீளாத ஆடவர் பலர். அவர்களும் மனைவியரை விட்டே சென்றனர். அவர்தம் மக்களும் தந்தையற்றவராயினர். அவர்களைக் குடும்பத்தைக் கைவிட்டவர் என்று எவரேனும் தூற்றினரா? இல்லை; நினைவுத்தூணில் பெயர் பொறித்தனர். அரசு கேட்டால் குடும்பத்தை விடலாம். ஆண்டவர் கேட்டால் விடலாகாது என்பதுதான் இவர்களது அறநூலா? பிரான்சிஸ்கா முதலில் கணவரைத் தடுக்கத்தான் முயன்றார். பிறகு, தாமும் பக்கத்தில் நில்லாவிடில் அவருக்கு ஒருவருமே இல்லாது போய்விடும் என்று உணர்ந்து உடன் நின்றார். ஊரார் அவரையே பழித்தனர். கணவனைப் பக்திப் பித்தனாக்கியவள் மனைவியே என்றனர்.

1943 பிப்பிரவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. மார்ச்சு முதல் நாள் என்ஸ் நகரப் படைமுகாமில் தம் மறுப்பை அறிவித்தார். ஆயுதமேந்தாமல் மருத்துவப் பிரிவில் தொண்டாற்ற இசைந்தார், அஃது ஏற்கப்படவில்லை. அவர் சாவைத் தேடி ஓடினார் என்று கூறுவோர்க்கு இச்செய்தியே போதிய மறுப்பு. லின்ஸ் சிறையிலிருந்து மே மாதம் பெர்லினின் டேகல் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கு, பிரான்ஸ் ரைனிஷ் என்னும் குரு ஒருவர் இதே காரணத்துக்காக 1942-இல் உயிர்துறந்ததைச் சிறைக் குரு வாயிலாக அறிந்தார். அதுவரை தாம் மட்டுமே தனித்து நிற்பதாக எண்ணியிருந்தவர்க்கு அச்செய்தி எத்துணைப் பெரிய ஆறுதலாயிருந்திருக்கும்! ஆயர் தரமுடியாத துணையை இறந்த குரு ஒருவர் தந்தார்.

அதே ஆண்டு, அதே டேகல் சிறையில், மற்றொருவரும் அடைபட்டிருந்தார். அவர் லுத்தரன் சபைப் போதகரும் இறையியற் பேரறிஞருமான டீட்ரிக் பொன்ஹோஃபர். கிறித்துவைப் பின்பற்றுவதன் விலையை மறந்து, அருளை மலிவுச் சரக்காக்கிவிட்ட திருச்சபையைக் கண்டித்து 1937-இல் நூல் எழுதியவர். 1939-இல் நியூயார்க்கில் கிடைத்த பாதுகாப்பை உதறிவிட்டுத் தாயகம் திரும்பி, ஆட்சியை வீழ்த்த முயன்றோருடன் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டவர். அறிஞர் ஒரு வழி சென்றார். உழவர் வேறு வழி சென்றார். விவிலியம் இருவர்க்கும் ஒரே கட்டளையை வரிபிசகாமல் எழுதித் தந்துவிடவில்லை. தீர்மானிக்கும் சுமையை இருவரும் தாமே சுமந்தனர். இறைவனிடம் தம்மை ஒப்படைத்தோர் இருவர். ஆயினும் தம் பொறுப்பை அவரிடம் தள்ளிவிட்டவர் ஒருவருமிலர்.

1943 சூலை 6-ஆம் நாள் படைத்துறை நீதிமன்றம் ஃபிரான்சுக்கு மரணதண்டனை விதித்தது. ஒரு வாரத்திற்குள் மனைவியும் ஊர்க் குருவும் பெர்லினுக்கு வந்து அவரைக் கண்டனர். மனத்தை மாற்றிக்கொள்ளுமாறு அங்கும் குரு வற்புறுத்தினார். சந்திப்பு சில நிமிடங்களில் முடிந்தது. ஆகஸ்டு 9-ஆம் நாள் மாலை, பிராண்டன்பர்க்கில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36.

“இதனால் என்ன பயன் விளைந்தது? போர் நின்றதா? ஓர் உழவன் இறந்ததைத் தவிர வேறென்ன கண்டோம்?” என்று கேட்போர் உண்டு. பயன்பாட்டுக் கோலை எடுத்துக்கொண்டு சிலுவையையே அளக்கத் துணிவோர் இவர்கள். கல்வாரியில் அன்று மாலை நின்றவர்களுக்கு மட்டும் என்ன பயன் கண்ணுக்குத் தெரிந்தது? பயன் முன்கூட்டியே தெரிந்தால்தான் கீழ்ப்படிவேன் என்பவன் ஆண்டவரிடம் வாணிகம் பேசுகின்றான், சரணடையவில்லை.

போர் முடிந்தபின்னும் உடனே மதிப்பு வந்துவிடவில்லை. அவரைப்பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட ஆயர் இசையவில்லை. கடமையாற்றி மடிந்த இளம் வீரர்களே மேலான வீரர் என்பது அவர் எண்ணம். போரில் இறந்தோர் மனைவியர்க்கு உரிய உதவித்தொகை பிரான்சிஸ்காவுக்கு மறுக்கப்பட்டு, 1950-இல்தான் கிடைத்தது. கோர்டன் சான் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1964-இல் நூல் எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் அந்த மரணதண்டனைத் தீர்ப்பைச் செல்லாததாக்கிற்று.

2007 அக்டோபர் 26-ஆம் நாள், லின்ஸ் நகரப் பேராலயத்தில் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். சீருடை அணியுமாறு அறிவுரை கூறிய ஆயரின் பின்வந்தோர் வீற்றிருக்கும் அதே பேராலயம் அது. பிரான்சிஸ்காவும் மகள்மாரும் வந்திருந்தனர். தொண்ணூற்று நான்கு வயது மூதாட்டி, கணவரின் எச்சம் வைக்கப்பட்டிருந்த பேழையைப் பீடத்தருகே கொண்டுசென்று, கண்ணீரோடு முத்தமிட்டார். 2013-இல், நூறாவது அகவையை எட்டிய சில நாள்களில், அவரும் காலமானார்.