மாரியிலும் மிதிக்கலாம்

ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் காலை நடை நின்றுவிடுகிறது. தை வரைக்கும் மழையும் சேறும்தான். நீரிழிவுள்ள வாப்பாமாரும் உம்மாமாரும் கதிரையோடு ஒடுங்கிவிட, கட்டுப்பாட்டிலிருந்த சீனி மெல்ல ஏறிவிடுகிறது. உங்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது?

பனிக்காலத்தில் வீதியில் இறங்க முடியாத ஐரோப்பா, கனடா சைக்கிளோட்டிகள் இதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள். ஓடுகிற சைக்கிளையே வீட்டுக்குள் நிறுத்தி மிதிப்பது. பின்சில்லின் அச்சை இருபுறமும் இறுகப் பிடிக்கும் இரும்புத் தாங்கி, டயரோடு அழுந்திச் சுழலும் ஓர் உருளை, அந்த உருளையைத் தடுத்திழுக்கும் காந்தம். கருவி இவ்வளவுதான். கணினியோடு இணைகிற விலை கூடியவையும் உண்டு. அவை நமக்கு வேண்டாம். பாவித்த சாதாரணக் கருவியே போதும்.

"நம்முடைய சைக்கிளில் ஸ்டான்ட் போட்டால் பின்சில்லு தூக்கித்தானே நிற்கிறது, அதில் ஏறி மிதித்தால் என்ன?" என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். அந்த ஸ்டான்ட் சைக்கிளை மட்டும் தாங்கச் செய்தது. ஆள் ஏறி முன்னே உந்தினால் மடங்கிவிடும். சில்லும் சும்மா சுழலும். காலுக்கு வேலையே இருக்காது.

வாங்கப் போகும்போது சில்லை அளந்துகொண்டு போங்கள். 26 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் எல்லாக் கருவியும் பொருந்தாது. பழைய கறுப்புச் சைக்கிளென்றால் கரியரையும் ஸ்டான்டையும் கழற்ற வேண்டி வரலாம். டயர் வழுவழுப்பாக, காற்று இறுக்கமாக இருக்கட்டும். பல்லுப் பல்லான டயர் வீட்டையே அதிர வைக்கும். முன்சில்லின் கீழ் ஒரு பலகைத் துண்டை வைத்து மட்டப்படுத்துங்கள்.

மிச்சம் பிடித்த காசை மின்விசிறிக்குச் செலவிடுங்கள். வீதியில் ஓடும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தும். நின்ற இடத்தில் மிதித்தால் அந்தக் காற்று ஏது? மாரிக்கால ஈரத்தில் 10 நிமிடத்திலேயே உடம்பு கொதித்துப்போகும். வியர்வை உப்பு இரும்பைத் தின்னும், ஹேண்டிலில் ஒரு துவாயைப் போடுங்கள்.

பெடல் அடியில் நிற்கையில் குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீற்றின் உயரம். முழங்கால் நொந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

முதல் வாரம் நாளுக்கு 10 நிமிடம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; வேகத்துக்கு அதுவே அளவு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது. மெல்ல மெல்ல அங்கே போகலாம். இன்சுலின் போடுகிறவர்களும் சீனிக்குக் குளிசை எடுக்கிறவர்களும் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். சீனி சட்டென்று இறங்கவும் கூடும். குளுக்கோஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மிதிக்கவே கூடாது.

வீட்டில் தவழுகிற பேரப்பிள்ளை இருக்கிறதா? சுழலும் சில்லின் கம்பிகள் கண்ணுக்குத் தெரியா. பிஞ்சு விரல் போனால் போனதுதான். பிள்ளையை ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். தாழிட வேண்டாம், உங்களுக்குத் தலை சுற்றினால் ஆள் வரவேண்டுமே. சில்லு முற்றாக நின்ற பிறகு திறங்கள்.