பி.சி.ஓ.எஸ். மூலிகைச் சோதனைகள்: எங்கள் நிலைப்பாடு

பழனி மலைத் தாவரங்களின் சாறுகளை பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுக்கு மருந்தாகச் சோதிக்கும் முயற்சிக்கு நாம் துணை நிற்கலாமா என்று பொதுக்குழுவில் நடந்த விவாதத்தை உறுப்பினர்கள் அறிவீர்கள். செயற்குழுவின் முடிவு இது.

ஆய்வைக் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 6 முதல் 13 சதவீதம் பேருக்கு இக்கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நல்ல மருந்து தேவைதான். ஆனால் லெட்ரோசோல் கொடுத்து நோயுண்டாக்கிய எலிகளுக்குச் சாறு புகட்டிப் பார்த்துவிட்டு, 'நிரூபிக்கப்பட்டது' என்று கொடைக்கானல் கடைகளில் பொட்டலம் போட்டு விற்பதை ஏற்க மாட்டோம். பெண்களிடம் நடத்தும் சோதனை முறைப்படி பதிவாக வேண்டும். இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் மருந்தை நிறுத்த வேண்டாம்.

நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாதது இம்மலையின் பழங்குடியினரான பளியர் மக்களின் உரிமை. பல்லுயிர் சார்ந்த மரபறிவு சமூகத்துக்குச் சொந்தம் என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். 2023-ல் திருத்திய பல்லுயிர்ச் சட்டமோ, நூல்களில் பதிவான மரபறிவுக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. தண்ணீர்விட்டான் கொடி சித்த நூல்களில் இருக்கிறது, எனவே யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆய்வுத் தரப்பினர் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். தாண்டிக்குடிச் சரிவில் அது எந்தப் பாறையடியில் படர்ந்திருக்கிறது என்று நூல் காட்டுமா? பளியர் பெண் கிழங்கு எடுக்கும்போது தண்டடியோடு சில கிழங்குகளை விட்டு, மண்ணை மூடி, மிதித்துவிட்டு வருகிறார். அடுத்த மழைக்கு அது துளிர்க்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தோண்டவைத்தால் கொடி அடியோடு போகும். காட்டியவருக்குக் கூலி, சாறு எடுத்தவருக்குக் காப்புரிமை என்றால் அது திருட்டு. இந்தச் சொல்லைத் தணிக்கலாம் என்று சிலர் கேட்டனர், பெரும்பான்மை ஏற்கவில்லை.

அகத்தியமலைக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து உருவானபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கு என்று 1990களிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. அதற்கும் கீழே இறங்க நாங்கள் தயாரில்லை.

ஆய்வுக்கான மூலிகைகளை இயன்றவரை பயிரிட்டே பெற வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. கிராம சபையின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பலன் பகிர்வு ஒப்பந்தமும் நிபந்தனைகள். இவ்விரண்டும் கைக்கு வரும்வரை உறுப்பினர்கள் எவரும் வழிகாட்டவோ, மாதிரி சேகரித்துத் தரவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.