குதிரையில் போனவர் கிழித்த கோடு

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் "மாவு" என்று ஓர் ஊர் இருக்கிறது. ஃபரினா என்பது அதன் பெயர். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு மாவு என்று பொருள். 1878-ம் ஆண்டில் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். சுற்றிலும் கோதுமை விளையும், மூட்டை மூட்டையாக மாவு அரைக்கலாம் என்று நம்பினார்கள்.

இன்று அந்த ஊரில் கூரை இல்லாத கல் சுவர்கள்தான் நிற்கின்றன. மழை பொய்த்தது, மாவும் பொய்த்தது.

இத்தனைக்கும், "இங்கே கோதுமை போடாதே" என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்தக் கதை எல்லா நாட்டுக் குடியானவர்களும், எல்லா நாட்டுச் சர்க்கார்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

2,000 மைல் பயணம்

1864, 1865-ம் ஆண்டுகளில் தெற்கு ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி. புல் கருகியது. ஆடுகள் மடிந்தன. வறட்சி எதுவரை பரவியிருக்கிறது என்று பார்த்துவர, நில அளவை இலாகாவின் தலைவர் ஜார்ஜ் கோய்டரைச் சர்க்கார் அனுப்பியது. ஆள் குட்டை, ஆனால் சுறுசுறுப்பானவர். குதிரை மீது ஏறிச் சுமார் 2,000 மைல் சுற்றினார்.

அவர் பார்த்தது செடிகளைத்தான். தைலமர இனத்தைச் சேர்ந்த குட்டை மரங்கள் எங்கே முடிகின்றன, வறட்சியைத் தாங்கும் உப்புச் செடிகள் எங்கே தொடங்குகின்றன என்று கவனித்தார். ஓர் ஆண்டு மழையை மனிதன் மறந்துவிடுவான். செடி மறக்காது. பல ஆண்டுகள் பெய்த மழையின் கணக்கு அதன் வேரில் இருக்கிறது.

திரும்பி வந்து, வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குத் தெற்கே மழையை ஓரளவு நம்பலாம், உழலாம். வடக்கே நம்ப முடியாது. ஆடு மாடு மேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு ஓடும் இடங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 10 முதல் 12 அங்குலம்தான். அதாவது, ஒரு சாணுக்கு மேல், ஓர் அடிக்குள்!

ஏர் போனால் மழை வருமா?

அதன் பிறகு சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. பாலை நிலத்தில் பச்சைப் புல் முளைத்தது. மக்கள் கோய்டரைக் கேலி செய்தார்கள். "ஏர் போகும் வழியே மழையும் வரும்" என்று ஒரு பேச்சு அப்போது பரவியிருந்தது. நிலத்தை உழுதால் வானம் தானாகத் திறக்கும் என்று படித்தவர்கள்கூட நம்பினார்கள்.

சர்க்காரும் இணங்கிவிட்டது. 1874-ம் ஆண்டில் கோட்டுக்கு அப்பால் இருந்த நிலத்தையும் விவசாயத்துக்குத் திறந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக வடக்கே போனார்கள். கடனுக்கு நிலம் வாங்கினார்கள். கல் வீடு கட்டினார்கள். ஓரிரு போகம் நன்றாகவே விளைந்தது.

1880-ம் ஆண்டு முதல் வறட்சி திரும்பி வந்தது. விதைத்த விதைகூட மீளவில்லை. வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளுடன் தெற்கே திரும்பினார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளின் சுவர்கள் இன்னமும் அங்கே நிற்கின்றன. கோய்டர் கோடு சரிதான் என்பதற்கு அவையே சாட்சி.

தாது வருஷமும் ஆஸ்திரேலியாவும்

அந்தக் காலத்தில் அதே அடிலெயிடு நகரில் சார்லஸ் டாட் என்ற அதிகாரி இருந்தார். தபால், தந்தி, வானிலை எல்லாம் அவர் பொறுப்பு. பல ஊர்களிலிருந்து தந்தி மூலம் மழைக் கணக்கைத் திரட்டினார். இந்தியாவில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் பொய்க்கிறது என்று 1888-ம் ஆண்டில் அவர் எடுத்துச் சொன்னார். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அப்போது பழங்கதையாகிவிடவில்லை. அது நடந்தது 1876 முதல் 1878 வரை.

இதற்குக் காரணம் என்ன? 1904-ம் ஆண்டில் இந்தியாவின் வானிலை இலாகாத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் அதைத் தேடினார். பசிபிக் கடல் மேல் காற்றின் அழுத்தம் ஏறினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. தராசின் இரண்டு தட்டுகளைப் போல! இப்போதும் பசிபிக் கடலில் உள்ள தஹிதித் தீவிலும், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலும் காற்றழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடேறுவதை எல் நினோ என்கிறார்கள். அப்போது மழை மேகம் இடம் மாறுகிறது. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மழை குறைய வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், விதி அல்ல. 1997-ம் ஆண்டில் எல் நினோ மிகக் கடுமையாக இருந்தும், இந்தியாவில் பருவமழை பொய்க்கவில்லை.

ஒவ்வொரு துளிக்கும் கணக்கு

ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கோதுமை விதைக்கிறார்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை அறுக்கிறார்கள். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஆகவே, நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களில் மழையை அளக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பயிர் எங்கே பச்சையாக இருக்கிறது, எங்கே வெளிறியிருக்கிறது என்று வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் படம் எடுக்கின்றன. ஆண்டுக்கு நான்கு முறை பயிர் நிலைமை பற்றிச் சர்க்கார் அறிக்கை வெளியிடுகிறது.

இவ்வளவு கவனம் ஏன்? 2019-ம் ஆண்டு அந்த நாட்டில் 1900-க்குப் பிறகு மிக வறண்ட ஆண்டு. அந்தப் போகத்தில் கோதுமை சுமார் ஒன்றரைக் கோடி டன்தான். 2022-ல் நல்ல மழை. சுமார் 4 கோடி டன் விளைந்தது. அடுத்த போகத்தில் மறுபடியும் சுமார் 2 கோடி 60 லட்சம் டன்னாக இறங்கிவிட்டது. வானம் இப்படி ஊஞ்சல் ஆடுகிற நாட்டில், கணக்குப் பார்க்காத குடியானவன் கடனில்தான் முடிவான். அங்கே விளைவதில் பெரும்பகுதி கப்பல் ஏறுகிறது. அதனால் அங்கே மழை பொய்த்தால், கோதுமை வாங்கும் நாடுகளின் அடுப்படியிலும் தெரியும்.

கோய்டரின் கோடும் கல்லில் வெட்டிய எழுத்து அல்ல. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழை, 1970-க்குப் பிறகு சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஆகவே, ஒருமுறை அளந்தால் போதாது. அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அளப்பதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. அளந்து சொன்னதைக் கேட்பது! வறட்சி வந்தபின் எல்லோரும் கேட்பார்கள். மழை கொட்டும் ஆண்டில், களஞ்சியம் நிறைந்திருக்கும் நாளில், பழைய கணக்கை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆனால், கடன் வாங்குவதும் கல் வீடு கட்டுவதும் அந்த நல்ல ஆண்டுகளில்தான். நிலத்தைத் திறந்துவிடும் உத்தரவில் சர்க்கார் கையெழுத்துப் போடுவதும் அப்போதுதான்.

கோய்டர் சொன்னதைக் கேட்டிருந்தால், அத்தனை குடும்பங்கள் பட்ட பாடு பட்டிருக்க வேண்டியதில்லை. மழைக் கணக்கை நல்ல ஆண்டிலும் மதிக்கிற நாடுதான், கெட்ட ஆண்டிலும் சாப்பிடும்.