தாமரை இலையும் நீரோட்டமும்

பற்றற்ற வாழ்விற்குத் தாமரை இலைத் தண்ணீரை உவமை கூறுதல் தமிழர் வழக்கு. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் தாமரை படர்ந்த கண்மாய்க் கரையில் நிற்பார்க்கு அவ்வுவமை நன்கு விளங்கும். இலைமேல் விழுந்த நீர் பரவுவதில்லை. முத்தெனத் திரண்டு உருண்டோடுகிறது. இதன் காரணத்தைச் செருமானியத் தாவரவியலார் பார்த்லாட்டும் நைன்கூயிசும் 1997ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினர். இலையின் மேற்புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்மேடுகள் நிறைந்துள்ளன. அவற்றின்மீது மெழுகு படிந்துள்ளது. மேடுகளின் இடையே காற்றுத் தங்குவதால், நீர்த்துளி அவற்றின் நுனிகளை மட்டுமே தொட்டு நிற்கிறது.

இவ்வியல்பைக் கொண்டு ஓடும் நீரின் எதிர்ப்பைக் குறைக்க அறிஞர் முயன்று வருகின்றனர். குழாயின் சுவரைத் தொடும் நீர் அதனோடு ஒட்டி நின்று, அடுத்த நீரடுக்கையும் பின்னிழுக்கும். மெதுவாகச் செல்லும் சரக்குக் கப்பலைத் தடுக்கும் எதிர்ப்பிலும் பெரும்பங்கு இத்தகைய உராய்வே. இடையில் காற்றுப் படலம் இருப்பின் நீர் வழுக்கிச் செல்லும். ஏனெனில், காற்றின் பாகுநிலை நீரின் பாகுநிலையில் ஏறத்தாழ 50இல் ஒரு பங்கே.

ஆயினும், அப்படலம் எத்துணை நாள் நிற்கும் என்பதே தலையாய வினா. நீரின் அழுத்தம் மிகுந்தால் காற்று வெளியேறும். சிறிது சிறிதாக நீரிற் கரைந்தும் போகும். விரைந்த ஓட்டம் அதனை அடித்துச் செல்லும். காற்று நீங்கியபின் எஞ்சுவது சொரசொரப்பான பரப்பே. அது ஓட்டத்தை முன்னினும் மிகுதியாகத் தடுத்தலும் கூடும்.

ஆய்வுக்கூடத்துத் தெளிந்த நீரில் சில மணி நேரம் வெற்றி காண்பது ஒன்று. வைகையின் புதுவெள்ளத்தில் நிலைத்து நிற்பது வேறு. பேரணையில் பிரிந்து வயல்களை நாடும் பெரியாற்றுக் கால்வாய் நீரும் வண்டலையும் மணலையும் சுமந்தே வரும். மணல் நுண்மேடுகளைத் தேய்க்கும். பாசி அவற்றை மூடும். ஆதலின், ஒரு பூச்சினை முதல் நாளில் அது காட்டும் வியப்பால் மதித்தல் முறையன்று. கலங்கிய நீரில் பல திங்கள் கிடந்தபின் எஞ்சும் பயனே அதற்குரிய அளவுகோலாதல் வேண்டும்.

இதற்கும் இயற்கையே வழிகாட்டுகிறது. சால்வினியா என்னும் நீர்ப்பெரணியின் இலைமயிர்கள் நீரை விலக்கும். அவற்றின் நுனிகள் மட்டும் நீரைப் பற்றிக்கொள்ளும். அதனால் உள்ளிருக்கும் காற்று எளிதில் தப்புவதில்லை. இதனை அறிஞர் 2010இல் வெளிப்படுத்தினர். தாமரையோ, உயிருள்ள வரை தேய்ந்த மெழுகை மீண்டும் சுரந்துகொள்கிறது. மனிதர் செய்யும் பூச்சிற்கு அவ்வாற்றல் எளிதில் வாய்ப்பதன்று.

கண்மாயை வெட்டியதோடு முன்னோர் பணி முடியவில்லை. ஆண்டுதோறும் தூர் எடுத்தும் கரையை உயர்த்தியும் குடிமராமத்தால் அதனைக் காத்தனர். புதியது காணும் அறிவோடு, கண்டதை நிலைக்கச் செய்யும் பொறுமையும் சேரும்போதே அறிவியல் உலகிற்குப் பயன்படும்.