தலைவிதியா? ஜாதியா?

தாம்பரத்தில் ஒரு தொழிலாளி, "கூலி குறைவது தலைவிதி, வேலைநிறுத்தம் பெரிய தலைவர்கள் சங்கதி" என்றார். இரண்டும் சுத்தப் புரட்டு என்கின்றோம்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டாயிற்று. வாடியா தலைவரானார், வாஸ்தவம். ஆனால் அவரைத் தேடிச் சென்று அழைத்தவர்கள் யார்? செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற சாதாரண வியாபாரிகள். சங்கத்துக்காகப் பட்டினி கிடந்தவர்களோ, சரித்திரத்தில் பேரில்லாத ஆலைத் தொழிலாளிகள்!

1921-இல் அதே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மாதக்கணக்காக வேலைநிறுத்தம் நடந்து, கடைசியில் தோற்றது. போலீசார் துப்பாக்கி மாத்திரமா காரணம்? தொழிலாளிகள் ஜாதி இந்துக்கள் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் ஒரு பக்கமென்று பிரிந்தார்கள். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. முதலாளி பூட்டிய ஆலைக் கதவைவிட, நாமே பூட்டிக்கொண்ட ஜாதிக் கதவு வலுவாயிருந்ததல்லவா? கிணற்றில் தண்ணீர் மொள்ள விடமாட்டோம், பட்டினியில் மாத்திரம் எங்களோடு நில் என்றால், இது என்ன நியாயம்?

ஆகவே தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத் தோழர்களே! ஜாதியைச் சுமந்துகொண்டு சங்கத்தில் சேருவது, ஓட்டைப் பானையில் நீர் மொள்ளுவதேயாகும். முதலில் ஓட்டையை அடையுங்கள்!