எலிக்குக் கொடுத்த ஷாக்

  நண்பர் ஒருவர் தன் மகளுக்காக என்னையும் ஒரு நீட் தேர்வு வழிகாட்டிக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மேடையில் இருந்தவர் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைகோட்டைத் திரையில் காட்டி, “கொஞ்சம் பயம் இருந்தாத்தான் மார்க் வரும், சயின்ஸே சொல்லிடுச்சு” என்றார். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இரண்டாம் தடவை எழுதப்போகிற பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வளைகோட்டின் மேல் எனக்குக் கோபம் உண்டு. இன்று அதன் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 

1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எலிக்கு முன்னால் இரண்டு பெட்டிகள், ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. கறுப்பில் நுழைந்தால் மின்சாரம் தாக்கும். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், இரண்டையும் பிரித்தறிவதை எளிதாகவும் கடினமாகவும் மாற்றினார்கள். எளிதாக இருந்தபோது, ஷாக் கூடக்கூட எலி சீக்கிரம் கற்றுக்கொண்டது. கடினமாக்கியபோது நடுத்தர ஷாக்கே நன்றாக வேலை செய்தது. கடினம் ஏற ஏற, கற்பதற்கு உகந்த ஷாக்கின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். யெர்க்ஸும் டாட்சனும் அளந்தது மனிதப் பயத்தை அல்ல, எலிக்குக் கொடுத்த மின்சாரத்தை. அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்திப் பார்த்தாலும், அது சொல்வது ஒன்றுதான்: வேலை கடினமானால் அதட்டலைக் குறை. மூன்று படி தாண்டி விடைக்கு வர வேண்டிய இயற்பியல் கணக்கு எளிதான வேலையா?

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் உண்டு. சியான் பெய்லாக், தாமஸ் கார் என்ற உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கல்லூரி மாணவர்களுக்குக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, நன்றாகச் செய்தால் பணம் உண்டு, உன் கூட்டாளியின் பணமும் உன் கையில், வீடியோவும் எடுக்கிறோம் என்று நெருக்கினார்கள். பல எண்களை ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கி வைத்திருக்கும் திறன் குறைந்தவர்கள் முன்பு போலவே செய்தார்கள். அந்தத் திறன் மிகுந்தவர்கள்தான் சறுக்கினார்கள். எண்களுக்கு இருந்த இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டது. “நல்லா படிக்கிற பிள்ளை, ஹால்ல எல்லாம் மறந்துபோச்சுங்கறா” என்று நம் வீடுகளில் புலம்புகிறோமே, அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை.

உளவியலாளர் மைக்கேல் ஐசன்க் இன்னொன்றைக் கவனித்தார். பதற்றம் உள்ளவர் அதே மதிப்பெண்ணை எடுத்துவிடலாம், ஆனால் அதற்கு கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடு தெரியாது. “பயந்துக்கிட்டே படிச்சான், பாஸாயிட்டான் பாத்தீங்களா” என்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதித் தள்ளினால் மதிப்பெண் கூடும் என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. பெரிய ஆறுதலாக இருந்தது. 2018-இல் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதிப் பார்ப்பதில் நஷ்டமில்லை, ஆனால் பயத்தைச் சமாளிக்கும் பொறுப்பையும் பிள்ளையின் தலையிலேயே கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஷாக் கொடுக்கும் கருவி பெரியவர்களின் கையில் இருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை போகிற பயிற்சி மையத்தில் வாராந்திரத் தேர்வின் ரேங்க் பட்டியலைப் பெயர் போட்டுச் சுவரில் ஒட்டுகிறார்களா? இந்த வாரமே போய் அதை எடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் கட்டுகிறவர்கள் நீங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.